சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மந்தைவெளி வாசல் வரை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அடையாறில் என் வீட்டு பால்கனியில் உட்கார்ந்துகொண்டு, நானே போட்ட காபியை நானே திட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. மந்தைவெளியிலிருந்து உஷா. என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த கஸ்தூரியின் கீழ்வீட்டுப் பெண். "சார், கஸ்தூரி மேடம் போயிட்டாங்க. மாடியில துணி காயப்போட்டுட்டு வந்து நாற்காலியில உக்காந்தாங்க, அப்படியே சாஞ்சுட்டாங்க. டாக்டர் வந்து பாத்துட்டார்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிட்டது. "சார், அவங்க பையன் சான் பிரான்சிஸ்கோலேர்ந்து வர எத்தனை மணி நேரம் ஆகும்?"

"அதைக் கஸ்தூரியைக் கேளும்மா" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். விமான நேரம் என்றால் கஸ்தூரியைக் கேள் என்பது முப்பது வருடப் பழக்கம். நாக்கு என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் உஷா அழ ஆரம்பித்தாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

சட்டையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கஸ்தூரியின் ஒரே மகன் அருண் கூப்பிட்டான். சான் பிரான்சிஸ்கோவில் அப்போது திங்கள் இரவு ஒன்பதரை தாண்டியிருந்தது. கஸ்தூரி பெற்ற பிள்ளை இல்லையா, அழுவதற்கு முன்னால் வழி கேட்டான். "மாமா, சிங்கப்பூர் வழியா வரட்டுமா, துபாய் வழியா வரட்டுமா? சிங்கப்பூர் பிளேன் இன்னைக்கு நைட்டே இருக்கு, ஓடினா பிடிச்சிடலாம். துபாய் நாளைக்கு சாயங்காலம்தான்." ஓடு என்றேன். பெட்டியெல்லாம் கட்டாதே, ஒரு தோள்பை போதும் என்றேன். அப்போது அவன் மெதுவாகக் கேட்டான். "மாமா, அம்மாவை வெச்சிருப்பீங்களா?"

"வெச்சிருப்போம்டா" என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்? யாரையும் கேட்கவில்லை.

மந்தைவெளி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே வேறு கதை நடந்துகொண்டிருந்தது. கஸ்தூரியின் கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவருடைய அண்ணன் ஏகாம்பரம், எண்பதைத் தாண்டியவர், கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துடலாம். அவளே சொல்லிட்டுப் போயிருக்கா" என்றார். நான் உஷாவைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். "ஆமா சார். ரெண்டு மூணு தடவை என்கிட்ட சொல்லியிருக்காங்க. 'என்னை ஐஸ் பெட்டியில வைக்காதீங்க, அன்னைக்கே எடுத்துடுங்க, அருண் வர்றப்ப வரட்டும், அவனுக்காகக் காத்திருக்க வேண்டாம்'னு."

எனக்குத் தலை சுற்றியது. ஊரில் உள்ள பிள்ளைகளையெல்லாம் நேரத்துக்குக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய பெண்மணி, தன் பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படிச் சொன்னார்? அந்தக் கேள்விக்கு விடை தெரிய எனக்கு இன்னும் மூன்று நாள் ஆனது. அதைச் சொல்வதற்கு முன்னால், அவரைத் தெரிந்தவர்களுக்கும் அவரைப் பாதி மட்டும் தெரிந்தவர்களுக்கும் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

தி. நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, மாடிப்படி முழுக்க எவர்சில்வர் சத்தம் கேட்கும் ஒரு சின்ன டிராவல் ஏஜென்சியில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. எனக்கு விசா விண்ணப்பங்கள், அவருக்கு டிக்கெட். எனக்கு வாடிக்கையாளர்களிடம் சண்டை போடும் வேலையும் கூடுதலாக உண்டு, அதை யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். கஸ்தூரி சண்டை போட மாட்டார். கேள்வி கேட்பார். ஒருவர் டிக்கெட் வாங்க வந்தால் எங்கே, எப்போது என்று கேட்பதோடு நிறுத்த மாட்டார். போன தடவை எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தீர்கள், வெயில் எந்தப் பக்கம் அடித்தது, கீழே கடல் தெரிந்ததா மலை தெரிந்ததா என்று குடைந்துவிடுவார். "இந்தம்மா டிக்கெட் விக்கிறாங்களா, துப்பு துலக்குறாங்களா?" என்று ஒருவர் என்னிடமே கேட்டிருக்கிறார்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, எந்தக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும் மாடிக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில். வீட்டில் ஒரு பெரியவர் கண்ணை மூடினால், அழுகை அடங்குவதற்கு முன்னால் வரும் கேள்வி ஒன்றுதான். பையன் எப்போது வருகிறான்? ஐஸ் பெட்டிக்காரருக்கு அது தெரிய வேண்டும். சாஸ்திரிகளுக்குத் தெரிய வேண்டும். மயானத்தில் நேரம் வாங்க வேண்டும். மதுரையிலிருந்து கிளம்பும் சித்தப்பா பஸ்ஸா ரயிலா என்று முடிவு செய்ய வேண்டும். எல்லாமே அந்த ஒரு மணிக்கணக்கில் தொங்கும். அந்தக் கணக்கைச் சொல்கிறவர் கஸ்தூரி. ஏஜென்சி மூடி, எல்லோரும் கைப்பேசியிலேயே டிக்கெட் எடுக்க ஆரம்பித்த பிறகும் அந்தக் கேள்விக்கு மட்டும் அவர் வீட்டுக்குத்தான் போன் வரும்.

"ஆகாயத்துல எத்தனை மணி நேரம்னு என்னைக் கேக்காதீங்க. வாசல்லேர்ந்து வாசல் எத்தனை மணி நேரம்னு கேளுங்க, சொல்றேன்" என்பார். விமானம் பதினேழு மணி நேரம் என்றால் அவர் கணக்கு இருபத்தாறில் முடியும். அங்கே வீட்டைப் பூட்டுவதிலிருந்து ஆரம்பிப்பார். பாதியில் இறங்கி மாறும் நேரம், இங்கே குடியேற்ற வரிசையில் நிற்கும் நேரம், மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பினால் அது காலையா சாயங்காலமா, மார்கழியா சித்திரையா, கபாலி கோயில் தேர் நாளா என்பது வரை எல்லாம் சேரும். தேரோட்டத்தை விமான நேரத்தில் கூட்டிய வேறு ஆளை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார். பையன் சான் பிரான்சிஸ்கோவில். "ஏம்மா, நீயே ஒரு தீர்ப்பு சொல்லு. எங்காத்துல தெனம் சண்டை. அமெரிக்கா மேற்கேங்கறார் அவர். போன தடவை பையன் சிங்கப்பூர் வழியா வந்தான், அதனால கிழக்கேதான்னு நான் சொல்லிண்டிருக்கேன். அவன் எந்தத் திக்குல இருக்கான்?" என்றார். நான் சிரித்தேன். கஸ்தூரி சிரிக்கவில்லை. மேசையிலிருந்த உலக உருண்டையை இழுத்து, பூக்கட்டும் நூல் ஒன்றை எடுத்து ஒரு முனையைச் சென்னையில் வைத்து, மறு முனையைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இறுக்கிப் பிடித்தார். நூல் மேற்கேயும் போகவில்லை, கிழக்கேயும் போகவில்லை. வங்காளத்தை உரசிக்கொண்டு, திபெத்து, சீனா, சைபீரியா என்று நேரே மேலே ஏறி, அலாஸ்கா பக்கம் இறங்கியது.

"வடக்கே மாமி. கொஞ்சம் கிழக்கே சாஞ்ச வடக்கு" என்றார் கஸ்தூரி. "கதை விடாதீங்க" என்று நான் குறுக்கே விழுந்தேன். ஒரு மாதம் காபி வாங்கித் தருவதாகப் பந்தயம் கட்டினேன். அதே நூலை வைத்துச் சிங்கப்பூர் வழியாக ஒரு முறை, துபாய் வழியாக ஒரு முறை அளந்து பார்த்தோம். இரண்டும் ஏறக்குறைய சமம், இரண்டுமே அந்த வடக்கு வழியைவிட நீளம். நேரே போனால் பதினாலாயிரம் கிலோமீட்டர் சுமார் வரும். ஆனால் சென்னையிலிருந்து அப்படி நேரே போக விமானம் கிடையாது. ஒரு மாதம் காபி வாங்கினேன். மாமிதான் ஓங்கித் தொடையில் தட்டிக்கொண்டார். "வடக்கே தலைவச்சுப் படுக்காதேடான்னு சொல்லிச் சொல்லி வளத்தேன். அவன் வடக்கேயே போய்க் குடித்தனம் பண்ணிண்டிருக்கானே!"

இன்னொரு விஷயம் அவரை மாதக்கணக்கில் அரித்தது. ஹாங்காங்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகப் பன்னிரண்டு மணி நேரம். அதே வழியில் திரும்பி வரப் பதினாலரை. தூரம் அதேதான், விமானமும் அதேதான், பின் இந்த இரண்டரை மணி எங்கிருந்து வந்தது? "கீழே பூமி சுத்துதில்லையா, அதனாலதான்" என்று நான் பெரிய மேதாவிபோல் சொன்னேன். "அப்ப நான் மாடியில குதிச்சா பக்கத்து வீட்டு மாடியில விழணுமே, விழலையே" என்று என் வாயை அடைத்தார். போய் வருகிறவர்களையெல்லாம் கதவு மூடிய நேரம், தரை தொட்ட நேரம் இரண்டையும் குறித்துவரச் சொன்னார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அவற்றை எழுதி ஒரு கம்பியில் குத்திவைப்பார். கடைசியில் வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் டிக்கெட் வாங்க வந்து மாட்டிக்கொண்டார். மேலே ஓர் ஆறு மாதிரி மேற்கிலிருந்து கிழக்கே காற்று ஓடுகிறது, போகும்போது அது முதுகில் தள்ளுகிறது, வரும்போது முகத்தில் அடிக்கிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக அடிக்கும் என்று அவர் விளக்கினார். அன்று முழுக்க கஸ்தூரிக்குக் கால் தரையில் இல்லை. "தூரம் பூமியில இருக்கு நடராஜன், நேரம் காத்துல இருக்கு" என்று என்னிடம் ஆரம்பித்து, நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்க வரும் அஞ்சலை முதலில் ஆற்றோரத்தில் குடியிருந்தாள். நடந்தே வேலைக்கு வருவாள். பிறகு அந்தப் பக்கத்து வீடுகளையெல்லாம் எடுத்துவிட்டு, அவர்களை ஊருக்கு வெளியே அடுக்கு வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவள் மகன் தோஹாவில் கட்டட வேலை. அவன் வரும் நாளில் கஸ்தூரியிடம் விமான நேரம் கேட்டவள், கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். "இன்னாமா கணக்கு இது? எம் புள்ள கடலத் தாண்டி நாலரை மணி நேரத்துல வந்துர்றான். நானு மூணு பஸ்ஸு மாறி இங்க வர்றதுக்கு ரெண்டரை மணி நேரமாவுது. போவ ரெண்டரை. அப்ப தோஹா கிட்டக்க கீது, என் வூடுதான் தூரத்துல கீது!" நான் வழக்கம்போலச் சிரிக்கப் போனேன். கஸ்தூரி என்னை ஒரு முறை முறைத்தார். மறுநாள் அவர் அஞ்சலையோடேயே வேலைக்கு வந்தார். விடியற்காலையில் அஞ்சலை வீட்டுக்கே போய், அவளோடு மூன்று பஸ்ஸும் ஏறி, நேரம் குறித்துக்கொண்டு வந்திருந்தார். "ரெண்டே முக்கால். அஞ்சலை குறைச்சுத்தான் சொல்லியிருக்கா" என்றார். அதோடு விடவில்லை. முதலாளியிடம் பேசி, அஞ்சலை காலை ஒன்பதுக்குப் பதிலாகப் பதினொன்றுக்கு வந்தால் போதும் என்று மாற்றவும் வைத்தார்.

இப்போது ஒரு தவறைச் சொல்லப் போகிறேன். கஸ்தூரி செய்த தவறு. அவர் இருந்தவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இருபத்தைந்து வருடம் இருக்கும். பாலாஜி என்று ஒரு பையன், அவனும் சான் பிரான்சிஸ்கோ. இங்கே திருவான்மியூரில் அப்பா இறந்துபோனார். அவன் கிளம்பும் பதற்றத்தில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, "டிக்கெட் கிடைச்சிடுச்சு, வீட்ல நேரம் சொல்லிடுங்க" என்று விவரத்தைப் படித்துவிட்டு வைத்துவிட்டான். பசிபிக் கடலுக்கு நடுவே ஒரு கோடு இருக்கிறது. அதை இந்தப் பக்கமாகத் தாண்டினால் காலண்டரில் ஒரு நாள் கூடிவிடும். டிக்கெட்டில் சென்னைக்கு வந்து சேரும் தேதியைப் போடும்போது அந்த ஒரு நாளையும் சேர்த்தே போட்டிருப்பார்கள். இதெல்லாம் எதுவும் தெரியாதவர் டிக்கெட்டில் உள்ளதை அப்படியே படித்துச் சொல்லியிருப்பார், சரியாக இருந்திருக்கும். எல்லாம் தெரிந்த கஸ்தூரி, கோட்டைத் தாண்டுகிறானே என்று தன் கணக்கில் இன்னொரு நாளைக் கூட்டிவிட்டார். புதன் மதியம் வருகிறவனை வியாழன் மதியம் வருகிறான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

கத்திரி வெயில். வியாழன் வரை முடியாது என்று பெரியவர்கள் கூடிப் பேசி, புதன் காலை ஒன்பது மணிக்கு எடுத்துவிட்டார்கள். பாலாஜி பன்னிரண்டு மணிக்குச் சென்னையில் இறங்கினான். வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து அவன் எங்கள் அலுவலகப் படியேறி வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நான் எழுந்து நின்றுகொண்டேன். கஸ்தூரியும் எழுந்து நின்றார். அவன் உட்கார்ந்தான், தண்ணீர் கேட்டான், குடித்தான். பிறகு, "மேடம், எனக்கு ஒண்ணு தெரியணும். அப்பாவை எடுத்தப்ப நான் எங்க இருந்தேன்? எந்த ஊருக்கு மேல?" என்று கேட்டான்.

கஸ்தூரி மூன்று நாள் அவகாசம் கேட்டார். சிங்கப்பூரிலிருந்து விமானம் எப்போது கிளம்பியது, அன்று காற்று எப்படி, எந்த வழி என்று ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்தார். நூலும் உருண்டையும் மேசையிலேயே கிடந்தன. அவன் திரும்ப வந்தபோது, "கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சுமத்ராவோட வடக்கு முனையை நெருங்கி, அந்தமான் கடலுக்குள்ள வந்துட்டிருந்தீங்க" என்றார். அவன் உருண்டையில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தான். "அப்பத்தான் எனக்கு இட்லி குடுத்தாங்க. பசியில ரெண்டையும் சாப்பிட்டேன்" என்றான். கைகூப்பிவிட்டுப் போய்விட்டான். அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாமல் போனது எங்கள் இருவருக்கும் தாங்கவில்லை.

அன்றைக்கு அப்புறம் கஸ்தூரி ஒரு புது வேலையைத் தானாக எடுத்துக்கொண்டார். யாராவது அப்படி வந்துகொண்டிருந்தால், காத்திருக்கும் வீட்டுக்கு மணிக்கு ஒரு முறை போன் செய்து பிள்ளை எங்கே இருக்கிறான் என்று சொல்வார். "இப்ப ஜப்பான் தாண்டியிருப்பான்." "இப்ப வங்காள விரிகுடா." கூடத்தில் இருப்பவர்களுக்கு அதைக் கேட்டால் ஒரு தெம்பு வரும், அவன் வருகிறான் என்று நம்பிக்கை வரும். இந்தக் காலத்தில் விமானம் எங்கே போகிறது என்று கைப்பேசியிலேயே படம் ஓடுகிறது. உஷா ஒருநாள் அதைக் காட்டியபோது சின்னக் குழந்தைபோல அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாம் தெரியுது, வாசல் மட்டும் தெரியலை" என்றாராம்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஒரு பக்கம் கஸ்தூரி சொல்லிவிட்டுப் போன வார்த்தை. மறு பக்கம் நான் அவர் மகனுக்குக் கொடுத்த வார்த்தை. அவன் அதற்குள் விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டான். இனிப் பதினேழு மணி நேரம் அவனிடம் எதையும் மாற்றிச் சொல்ல முடியாது. நான் ஏகாம்பரத்திடம், "நாளைக்கு மதியம் பன்னெண்டே காலுக்கு வாசல்ல நிப்பான்" என்றேன். "நீங்க யாரு அதைச் சொல்ல? அவ சொன்னதைவிட உங்க பேச்சு பெரிசா? இது தப்பாப் போனா?" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. நான் கத்தினேன். சாவு வீட்டில் கத்தினேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. கத்திய வேகத்தில் பாலாஜியின் கதையை, அந்த இரண்டு இட்லி வரைக்கும், எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கஸ்தூரி படுத்திருந்த பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏகாம்பரம் கஸ்தூரியின் பக்கம் திரும்பி, "இவ்வளவு நாளா இதை மனசுலயா வெச்சிருந்தா?" என்றார். அப்புறம் உஷாவைப் பார்த்து, "ஐஸ் பெட்டிக்குச் சொல்லும்மா. ஆனா ஒரு மணிக்கு மயானத்துல நேரம் வாங்குங்க. அதுக்கு மேல என்னால யாருக்கும் பதில் சொல்ல முடியாது" என்றார்.

அதற்கப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை கோபத்தில் இருந்தேன், பயம் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு தாளை எடுத்துக் கணக்கை மறுபடி போட்டேன். காற்று முகத்தில் அடிக்கும் திசை, அதற்கு எவ்வளவு கூட்டினேன்? தேதியைக் கூட்டினேனா, ஏற்கெனவே கூட்டியதை இன்னொரு முறை கூட்டினேனா? அங்கே பன்னிரண்டரை மணி நேரம் பின்னாலா, பதிமூன்றரையா? குளிர்காலத்தில்தான் பதிமூன்றரை என்று தெரியும், தெரிந்தும் மூன்று முறை விரல் விட்டு எண்ணினேன். அறுபத்தெட்டு வயதில் விரல் விட்டு எண்ணினேன். கையெழுத்து கோணலாக வந்தது. பேனாவைக் கீழே வைத்துப் பார்த்தால் கை நடுங்குகிறது.

புதன் காலை அஞ்சலை வந்துவிட்டாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தாளாம். கஸ்தூரியின் காலைத் தொட்டு அழுதுவிட்டு, நேரே என்னிடம் வந்தாள். "சின்னவரு எங்க கீறாரு இப்போ?" என்றாள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பிவிட்டான் என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தாள். "இப்போ?" அந்தமான் பக்கம் என்றேன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். உஷாவின் கைப்பேசியில் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே விமானம் தரை இறங்கியது. அதோடு அந்தப் படம் நின்றுவிட்டது. மீனம்பாக்கத்திலிருந்து மந்தைவெளி வரை சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

பன்னிரண்டே கால் ஆனது. வரவில்லை. அருண் போன் அணைந்திருந்தது. பன்னிரண்டு இருபது. சாஸ்திரிகள் ஏகாம்பரத்தைப் பார்த்தார், ஏகாம்பரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பன்னிரண்டரை. வண்டிக்காரர் வாசலில் வந்து, "எடுக்கலாமா சார்?" என்று கேட்டார். ஏகாம்பரம் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். தெரு முனைக்கு ஓடியிருந்த அஞ்சலையின் குரல்தான் முதலில் கேட்டது. "வந்துகினு கீறாரு! நடந்து வந்துகினு கீறாரு!" முனையில் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், கார் உள்ளே வரவில்லை. தோள்பையோடு வியர்க்க வியர்க்க ஓடி வந்தான். பன்னிரண்டு முப்பத்தைந்து. இருபது நிமிடம் பிசகு.

அவன் அம்மாவிடம் போய் உட்கார்ந்தான். மற்றதெல்லாம் நடக்க வேண்டியபடி நடந்தது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கஸ்தூரிக்காகவா, அந்த இருபது நிமிடத்துக்காகவா என்று எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமைதான் அருணிடம் கேட்க முடிந்தது. "உங்க அம்மா ஏண்டா அப்படிச் சொன்னாங்க? பெத்த பிள்ளை வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு யாராவது சொல்லுவாங்களா?" அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "என்கிட்டயும் சொன்னாங்க மாமா, ரெண்டு வருஷம் முன்னாடி. 'நான் போனா எல்லாரும் நடராஜனைத்தான் கேப்பாங்க. அவர் கோவக்காரர், உடனே ஒரு நேரத்தைச் சொல்லிடுவார். சொல்லிட்டு, நீ வர்ற வரைக்கும் அவர் படற பாடு எனக்குத்தான் தெரியும். ஒருவேளை தப்பாப் போயிட்டா அந்த மனுஷன் மிச்ச காலம் பூரா அதை நெனச்சே செத்துடுவார். யாரும் யாருக்காகவும் கணக்குப் போட வேண்டாம். நீ மெதுவா வா'ன்னு சொன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கலை."

முப்பது வருடம் பக்கத்து மேசை. தினமும் என்னோடு வாயாடி, என்னைக் காபி வாங்க வைத்து, என் மேதாவித்தனத்தையெல்லாம் மடக்கியவர். தன் ஒரே மகன் கடைசியாகத் தன் முகத்தைப் பார்ப்பதைக்கூட விட்டுக்கொடுக்கத் துணிந்திருக்கிறார், எனக்காக. இதற்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

கஸ்தூரி, கணக்கு வந்துவிட்டது. உங்கள் பிள்ளை உங்களைப் பார்த்துவிட்டான். ஆனால் போடும்போது என் கை நடுங்கியது. ஒரு ராத்திரிக்கே எனக்குத் தாங்கவில்லை. இருபத்தைந்து வருடம் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரம் சொல்லும்போது உங்களுக்கும் இப்படித்தான் நடுங்கியிருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியவில்லை. அந்த நடுக்கம் இப்போது என்னிடம் இருக்கிறது. நேற்று பெசன்ட் நகரிலிருந்து ஒரு வீட்டில் கேட்டார்கள், பையன் மெல்போர்னிலிருந்து வருகிறான். பத்து நிமிடம் கொடுங்கள், சரிபார்த்துச் சொல்கிறேன் என்றேன்.